ஆடி மாதத்தில் மொட்டை மாடியில் பலூன் வீடா?

கேள்வி: கோவையில் ஐந்து மாடி அபார்ட்மென்ட்டில் குடியிருக்கிறோம். மகளுக்கு ஆறு வயது நிறைகிறது. பிறந்தநாள் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வருகிறது. மொட்டை மாடியில் பந்தல் போட்டு, பிள்ளைகள் குதித்து விளையாட 15 அடிக்கு 15 அடி ‘மிக்கி மவுஸ்’ பலூன் வீடு ஒன்றை மதியம் மூன்றிலிருந்து ஆறு மணி வரை வாடகைக்குப் பேசியிருக்கிறோம். இரண்டு வயதிலிருந்து பதினொரு வயது வரை 22 பிள்ளைகள் வருவார்கள். மாடியில் முளை அடிக்க முடியாதே என்று கேட்டதற்கு, “நாலு மூலைக்கும் நாலு மணல் மூட்டை போட்டுருவோம்க்கா, மத்தபடி பிள்ளைங்க வெயிட்டே போதுங்க” என்கிறார் வாடகைக்காரர். மாமனார் வேண்டவே வேண்டாம் என்கிறார். கணவரோ, ஊரெல்லாம் வைக்கிறார்கள், நமக்கு மட்டும் என்ன என்கிறார். யார் சொல்வது சரி? வைப்பதென்றால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்:

மாடியைப் பொறுத்தவரை உங்கள் மாமனார் சொல்வதுதான் சரி. பலூன் வீட்டையே கைவிட வேண்டியதில்லை. இடத்தையும் நேரத்தையும் மாற்றுங்கள். முன்பணம் கொடுத்திருந்தால் அதே வாடகைக்காரரிடமே மாற்றிக் கேட்கலாம்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது உங்கள் ஊருக்குச் சற்று அதிகமாகவே பொருந்தும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே நெருக்கியடித்துக்கொண்டு வருகிறது. பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைகளை நட்டிருப்பது அதை நம்பித்தான். தரையிலிருந்து ஐந்து மாடி உயரத்துக்குப் போனால் மரமும் பக்கத்து வீடும் தடுக்காத முழுக் காற்று கிடைக்கும். மாலை நேரத்தில் துணி காயப்போடப் போகிறவர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

இனி அந்த நாலு மூட்டைக் கணக்கைப் பார்ப்போம். 15 அடிப் பலூன் வீட்டின் ஒரு பக்கம் சுமார் 4.5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தகைய பலூன்களுக்கான ஐரோப்பியத் தரநிலை இ.என். 14960 தரும் சூத்திரத்தில் போட்டால், மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அந்தப் பக்கத்தைச் சுமார் 160 கிலோ விசையோடு தள்ளும். காற்று 60 கிலோமீட்டர் ஆனால் விசை 350 கிலோவைத் தாண்டிவிடும். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, தள்ளுவிசை இரண்டேகால் மடங்காகிவிட்டது. எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது? பலூனின் எடை ஏறக்குறைய 100 கிலோ. மணல் மூட்டை ஒன்று 25 கிலோ என்றால் நான்கும் சேர்த்து இன்னொரு 100. ஆனால் மூட்டை தட்டோட்டின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இழுத்தால் சறுக்கும். அதன் எடையில் பாதி அளவுக்குத்தான் பிடிப்புக் கிடைக்கும்.

அதே தரநிலை கேட்பதைப் பாருங்கள்: குறைந்தது ஆறு பிணைப்பு இடங்கள், ஒவ்வொன்றும் 1600 நியூட்டன், அதாவது சுமார் 163 கிலோ எடைக்குச் சமமான, இழுவையைத் தாங்க வேண்டும். மண் தரை இல்லாத இடத்தில் பாரம் வைத்துக் கட்டுவதென்றால் ஒரு பிணைப்புக்கு 163 கிலோ என்பது பிரிட்டனில் பின்பற்றும் அளவு. ஆறுக்கும் சேர்த்து ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. உங்களுக்குச் சொல்லப்பட்டிருப்பது அதில் பத்தில் ஒரு பங்கு.

பிள்ளைகளின் எடையைக் கணக்கில் சேர்ப்பது வாடகைக்காரர்கள் எல்லோரும் சொல்வதுதான். அது எடுபடாது. குதிக்கிற பிள்ளை பாதி நேரம் அந்தரத்தில் இருக்கிறது. அந்த நொடியில் அதன் எடை பலூன் மேல் இல்லை. எல்லோரும் கேக் வெட்ட ஓடிவிட்டால் அதுவும் போச்சு. காற்று தான் வந்து மோதும் பக்கத்து அடி விளிம்பைச் சற்றே தூக்கிவிட்டால் அடிப்பரப்பும் காற்றை வாங்கத் தொடங்கும். அதன்பின் நான்கு பேர் பிடித்து இழுத்தும் நிறுத்த முடியாது. அப்போது உள்ளே பிள்ளைகள் இருந்தால் பலூனோடு சேர்ந்தே போவார்கள்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000 முதல் 2021 வரை உலகெங்கும் காற்றால் மட்டும் நேர்ந்த பலூன் வீட்டு விபத்துகளைத் தொகுத்தார்கள். குறைந்தது 28 பேர் இறந்திருந்தார்கள், 479 பேர் காயமடைந்திருந்தார்கள். 2016 மார்ச்சில் இங்கிலாந்தின் ஹார்லோ நகரில் பலூன் காற்றில் பிய்த்துக்கொண்டு போனதில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். சரியாகப் பிணைக்கவில்லை, வானிலையைக் கவனிக்கவில்லை என்று நடத்தியவர்கள் இருவருக்கும் 2018-இல் சிறைத் தண்டனை கிடைத்தது. 2021 டிசம்பர் 16 அன்று ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில் டெவன்போர்ட் ஊர்ப் பள்ளி ஒன்றில் ஆறு பிள்ளைகள் இறந்தார்கள். அங்கே வந்தது புயல் இல்லை; வெயில் காய்ந்த திடலில் திடீரென்று கிளம்பிய புழுதிச் சுழிக்காற்று. பலூனில் எட்டுப் பிணைப்பு இடங்கள் இருந்தும் நான்கில்தான் முளை அடித்திருந்தது. ஆனாலும் 2025-இல் நீதிமன்றம் நடத்தியவரை விடுவித்தது. அந்தச் சுழிக்காற்றை முன்கூட்டி அறிய வழியில்லை என்பது அதன் முடிவு. அதனால்தான் முளைக்கு முன்னால் இடம், நேரம் இரண்டையும் பேசுகிறேன். சுழிக்காற்று கிளம்புவது தரை நன்றாகச் சூடேறிய பிறகு, வெட்டவெளியில். கோவையில் ஆடி மாதக் காற்றும் காலையில் தணிந்திருந்து, வெயில் ஏற ஏறத்தான் வலுக்கும். நீங்கள் பேசியிருக்கும் மதியம் மூன்று மணி இரண்டு வகையிலும் மோசமான நேரம்.

மாடியில் தண்ணீர்ப் பீப்பாய் ஆறு வைத்துக் கட்டிவிட்டால் என்ன என்று உங்கள் கணவர் கேட்கலாம். 200 லிட்டர் பீப்பாய் நிறைந்தால் 200 கிலோ, கணக்குக்குச் சரிதான். ஆனால் ஆட்கள் ஏறும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரநிலையில் கணக்கிடும் பாரம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. ஒரு பீப்பாய் அதற்கும் மேற்பட்ட எடையைக் கால் சதுர மீட்டர் சொச்சத்தில் இறக்குகிறது. கட்டட இன்ஜினியரைக் கேட்காமல் செய்கிற வேலை இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் கைப்பிடிச் சுவர். அது மூன்று, மூன்றரை அடிதான் இருக்கும். பலூன் வீட்டின் தளமே தரையிலிருந்து ஒன்றரை அடி, இரண்டடி உயரம். அதன் மேல் பிள்ளை குதிக்கும் உயரம் வேறு. வாசல் பக்கம் துள்ளி வெளியே விழும் பிள்ளைக்கு அந்தச் சுவர் தடுப்பே இல்லை. சோலார் ஸ்டாண்டிலோ தண்ணீர்த் தொட்டிக் குழாயிலோ கட்டும் யோசனையும் வேண்டாம். சொல்லப்போனால் ஆடியில் ஐந்தாவது மாடியில் பந்தல் துணி கட்டுவதே எனக்கு உவப்பில்லை.

சரி, எங்கே வைப்பது? முதல் தேர்வு கூரையுள்ள ஹால். உங்கள் அபார்ட்மென்ட் கம்யூனிட்டி ஹாலோ, சின்ன மண்டபமோ போதும். போகும்போது டேப் எடுத்துப்போய் இரண்டு உயரங்களை அளந்து வாருங்கள்: பலூனின் உச்சி, சீலிங் ஃபேன் இறக்கை. 15 அடிப் பலூன் கோபுரத்தோடு சேர்த்து 12 அடிக்கு மேல் போகும். ஃபேனுக்கு அடியில் வைக்கவே கூடாது. ‘ஸ்விட்சை அணைத்துவிட்டோம்’ என்பதை நம்ப முடியாது. புழுக்கமாக இருக்கிறதென்று யாராவது ஒரு மாமா போட்டுவிடுவார். உள்ளே காற்று இல்லை என்பதற்காகக் கட்டாமலும் விடக் கூடாது. பெரிய பிள்ளைகள் ஒரே பக்கச் சுவரில் மோதினால் பலூன் நகரும், சாயும்.

இரண்டாவது தேர்வு கீழே மண் தரை. காலை ஏழரையிலிருந்து பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கட்டடத்தின் மேற்குச் சுவருக்கு வெளியே காற்று நேராக அடிக்கும். கிழக்குப் பக்கம் ஓரளவு மறைவு கிடைக்கும். பலூனுக்குச் சுவருள்ள பக்கங்களில் 1.8 மீட்டரும், வாசல் பக்கம் 3.5 மீட்டரும் வெற்றிடம் விடுங்கள். மேலே மின்கம்பி, மரக்கிளை இருக்கக் கூடாது. கார் நிறுத்தும் சிமென்ட் தளம்தான் இருக்கிறதென்றால் அங்கே 200 லிட்டர் பீப்பாய்க் கணக்கு பொருந்தும். கயிற்றைப் பீப்பாயின் கழுத்தில் கட்டாமல் அடிப்பாகத்தைச் சுற்றிக் கட்டினால்தான் கவிழாது.

மண்ணில் அடிக்கும் முளையைக் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். வாடகைக்காரர்கள் பலர் கொண்டுவருவது பந்தல் ஆணி, அல்லது ஓர் அடிகூட வராத மெல்லிய கம்பி. தேவைப்படுவது குறைந்தது 16 எம்.எம். தடிமனும் 380 எம்.எம்., அதாவது 15 அங்குல, நீளமும் உள்ள இரும்பு முளை. கட்டட வேலைக்கு வாங்கும் 16 எம்.எம். கம்பியை வெட்டிக்கூடச் செய்யலாம். ஆனால் தலை மழுங்கலாக இருக்க வேண்டும்; வெட்டிய முனை பிள்ளையின் காலைக் கிழித்துவிடும். முளையின் தலை பலூனுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தும், உடல் முழுக்க மண்ணுக்குள் இறங்கியும் இருக்க வேண்டும். பாதி வெளியே நிற்கும் முளையில் கயிறு மேலே பிடித்து நெம்புகோலாக இழுக்கும், மண் விட்டுக்கொடுக்கும். முந்தின நாள் மழை பெய்திருந்தால் கரிசல் மண் வெண்ணெய்போல் ஆகிவிடும், அப்போது இன்னும் நீளமான முளை தேவை. சோதிக்க எளிய வழி: இரண்டு பெரியவர்கள் கயிற்றைப் பிடித்து முழு பலத்தோடு பின்னால் சாய்ந்து இழுங்கள். முளை அசைந்தால் வேறு இடத்தில் அடிக்கச் சொல்லுங்கள். பலூனில் எத்தனை வளையம் தைத்திருக்கிறதோ அத்தனையிலும் கயிறு இருக்க வேண்டும். “இந்தப் பக்கம் செவுரு இருக்குல்ல” என்று நான்கோடு நிறுத்துவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துக் கயிறுகள்தான் முழுச் சுமையையும் வாங்கும். அந்தத் திசை ஒரு மணி நேரத்தில் மாறலாம். வளையம் தைத்த இடத்தில் நூல் பிரிந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள்.

கையில் பிடித்துக் காற்றளக்கும் சின்னக் கருவி ஆன்லைனில் கிடைக்கிறது. வாடகைக்காரரிடம் இருந்தால் அவர் தொழில் தெரிந்தவர் என்று கொள்ளலாம். மணிக்கு 38 கிலோமீட்டர் என்பது பெரும்பாலான பலூன்களுக்கு மேல்வரம்பு. பலூனில் ஒட்டியிருக்கும் தகட்டில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் வரம்பு. கருவி இல்லாவிட்டால் கண்ணை நம்பலாம்: புழுதியும் காகிதத் தட்டும் எழும்பிப் பறந்தால் காற்று ஏற்கெனவே 20-ஐத் தாண்டிவிட்டது, புதிதாக யாரையும் ஏற்றாதீர்கள். இலையடர்ந்த சிறு மரங்கள் முழுதாக ஆடத் தொடங்கினால் எல்லோரையும் இறக்கி, ப்ளோயரை (காற்றடிக்கும் மோட்டாரை) நிறுத்திப் பலூனைத் தரையோடு படுக்க விடுங்கள். பிள்ளைகளை மட்டும் இறக்கிவிட்டுப் பலூனை நிற்க விடுவது அரைவேலை. அது பறந்து அக்கம்பக்கத்தில் யார் மேலும் விழலாம். போனில் வரும் வானிலைச் செயலி காட்டுவது சராசரி வேகம். வீச்சு அதைவிட ஒன்றரை மடங்கு இருப்பது சாதாரணம்.

காற்றைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், பிறந்தநாள் விழாக்களில் எலும்பு முறிவதற்குக் காரணம் பெரும்பாலும் காற்று இல்லை. விழுவதும் மோதுவதும்தான், முக்கியமாகப் பெரிய பிள்ளையும் சின்னப் பிள்ளையும் ஒன்றாகக் குதிக்கும்போது. 1990 முதல் 2010 வரை அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குப் பலூன் வீட்டுக் காயங்களோடு வந்த பிள்ளைகள் 64 ஆயிரத்துக்கும் மேல் என்று 2012-இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. நான்கில் ஒன்றுக்கு மேல் எலும்பு முறிவு. நடப்பது இதுதான்: முப்பத்தைந்து கிலோ அண்ணன் வந்து இறங்கும்போது தளம் அமுங்கி உடனே எழும்பும். அந்த நொடியில் பக்கத்தில் காலூன்றுகிற பதினைந்து கிலோ தங்கைக்கு, கீழே போக வேண்டிய தரை மேலே வந்து முட்டும். முழங்காலுக்குக் கீழ் எலும்பு அதில் விரிசல் விடும். இல்லாவிட்டால் அவள் எகிறி, ஊன்றிய கையின் மேல் விழுவாள், முழங்கை போகும். யாரும் யாரையும் தள்ளியிருக்க மாட்டார்கள்.

ஆகவே உங்கள் 22 பேரை வயதுவாரியாகப் பிரியுங்கள். இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு வேண்டாம். அம்மா தூக்கிக்கொண்டு உள்ளே போவதும் வேண்டாம். பெரியவர் தடுமாறி மேலே விழுவது அண்ணன் குதிப்பதைவிடக் கெடுதல். அந்த ஆய்வைச் செய்த குழந்தைகள் மருத்துவமனை ஆறு வயதுக்குக் கீழ் யாருக்குமே வேண்டாம் என்கிறது. நடைமுறையில் உங்கள் மகளின் தோழிகளில் பாதிப்பேர் ஐந்து வயதாக இருப்பார்கள் என்பதால், மூன்று முதல் ஐந்து வயதுக்காரர்களைத் தனியாக, அவர்கள் மட்டும் இருக்கும்படி ஏற்றினால் போதும் என்பது என் கருத்து. சுவர்த் தடிமன் போக உள்ளே கிடைப்பது ஏறக்குறைய 12 அடிக்கு 12 அடிதான். அதில் சின்னவர்கள் ஏழு, ஆறு முதல் எட்டு வயது ஆறு பேர், ஒன்பது முதல் பதினொன்று நான்கு பேர். தகட்டில் குறைவாகப் போட்டிருந்தால் அதன்படி. ஒரு சுற்றுக்கு எட்டு நிமிடம் போதும், களைத்த பிறகுதான் கால் பிசகும். பிறந்தநாள் பெண் மூன்று சுற்றிலும் ஏறுவேன் என்று அடம்பிடிப்பாள். முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் ஒருவர் நிற்க வேண்டும். வாடகைக்காரர் அனுப்பும் பையன் போனைப் பார்த்துக்கொண்டு ப்ளோயர் பக்கம் உட்கார்ந்திருப்பான், அவனை நம்பி விடாதீர்கள். உறவில் குரல் கணீரென்று இருக்கும் சித்தியோ அத்தையோ ஒருவர் கையில் விசிலைக் கொடுங்கள். பந்தி பரிமாறும் வேலையை அவருக்குத் தராதீர்கள். ஏறும் முன் கழற்ற வேண்டியவை: செருப்பு, கண்ணாடி, வளையல், கொலுசு, கழுத்துச் சங்கிலி, கூர்மையான ஹேர்க்ளிப், உடையில் குத்திய ஊக்கு. பட்டுப்பாவாடை கால் தடுக்கும், லெக்கிங்ஸ் மாற்றிவிடுங்கள். வாயில் மிட்டாய் கூடாது. குட்டிக்கரணம், சுவர் ஏறுதல் இரண்டுக்கும் உடனே விசில். வாசலுக்கு முன்னால் நான்கடி அகலத்துக்குத் தடித்த ஃபோம் பாய் போடச் சொல்லுங்கள். பெட்ஷீட் விரித்தால் வழுக்கும்.

ப்ளோயர் விஷயத்தில் தவறுவது வயரில். 15 அடிப் பலூனுக்கு வழக்கமாக 1.5 எச்.பி. மோட்டார் வரும், ஆயிரத்து நூறு வாட்டுக்குக் குறையாது. டி.வி.க்குப் போடும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் வயர் சூடேறும், மின்னழுத்தம் இறங்கி மோட்டார் தளரும், சுவர் தொங்கும். 2.5 சதுர எம்.எம். மூன்று கோர் வயர், 16 ஆம்ப் பிளக், எர்த் உள்ள சாக்கெட், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. உள்ள லைன் வேண்டும். சுருட்டிய வயரை முழுக்கப் பிரித்துவிடுங்கள். அதே லைனில் ஸ்பீக்கரோ இண்டக்‌ஷன் அடுப்போ கூடாது, எம்.சி.பி. விழும். ப்ளோயரின் காற்று உறிஞ்சும் வாயில் விரல் போகாத வலை இருக்க வேண்டும். ப்ளோயரைப் பலூனின் சுவரிலிருந்து 1.2 மீட்டர், வாசல் பக்கமென்றால் 2.5 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். இன்வெர்ட்டர் இந்த மோட்டாரை இழுக்காது. ஜெனரேட்டர் வைத்தால் அதன் புகை ப்ளோயருக்குள் போகாத தூரத்தில் வையுங்கள், டேங்கை விழாவுக்கு முன்பே நிரப்பிவிடுங்கள்.

தையல் ஓட்டைகளில் எப்போதும் காற்று கசிந்துகொண்டுதான் இருக்கும், அது பழுது அல்ல. அதனால் கரண்ட் போனால் ஓரிரு நிமிடத்தில் பலூன் தளர்ந்து சாயும். முதலில் சரிவது வாசல் வளைவு. கூரையுள்ள மாடல் என்றால் துணி மேலே விழும். பிள்ளைகள் பயந்து மூலைக்கு ஓடுவார்கள். வாசலில் நிற்பவர் வளைவைத் தோளால் தாங்கிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் உள்ளே கைநீட்டி ஒவ்வொருவராக, சின்னவர் முதலில், வெளியே எடுக்க வேண்டும். திறந்த கூரை மாடலைக் கேட்டு வாங்கினால் இந்தக் கவலை பாதியாகக் குறையும். பிள்ளைகளை ஏற்றும் முன் நீங்களே ஒரு காலை நடுத்தளத்தில் அழுத்தி ஊன்றிப் பாருங்கள். பாதம் தரையைத் தொட்டால் காற்று போதவில்லை. பெரும்பாலும் ஜிப் மூடாதது, அல்லது ப்ளோயர் குழாய் முறுக்கிக்கொண்டது.

விழுந்த பிள்ளை கையையோ காலையோ அசைக்க மறுத்தால் எண்ணெய் போட்டு உருவ வேண்டாம், நிமிர்த்திப் பார்க்கவும் வேண்டாம். இருக்கும் நிலையிலேயே துப்பட்டாவால் தாங்கல் கட்டி, விரல் நுனி வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே எக்ஸ்ரே உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். கழுத்து வலிக்கிறது என்றால் தூக்காதீர்கள், 108.

கடைசியாக, காற்று ஏற்றும்போதும் இறக்கும்போதும் பிள்ளைகள் கிட்டேயே இருக்கக் கூடாது. பாதி இறங்கிய பலூன் மேல் புரள்வது அவர்களுக்குக் குதிப்பதைவிடப் பிடிக்கும். மடிப்புக்குள் ஒரு சின்னக் குழந்தை சிக்கினால் வெளியே தெரியாது. சாப்பாட்டைத் தொடங்கி எல்லோரையும் பந்தியில் உட்கார வைத்து, தலை எண்ணிய பிறகு ப்ளோயரை அணைக்கச் சொல்லுங்கள்.